ஐம்பத்தோரு அடி

போன மாதம் என் வீட்டு வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. ஒரு பெண் அதிகாரியும் அவருக்குக் கீழே வேலை பார்க்கும் ஓர் இளைஞரும் இறங்கினார்கள். கடற்கரை ஊர்களில் விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு நாலு நாள், பத்து நாள் என்று வீடு வாடகைக்கு விடுகிறார்கள் அல்லவா, அதற்குப் புதிதாக விதிகள் எழுதுகிறார்களாம். பழைய கோப்புகளைக் கிளறியபோது நான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் எழுதிய ரிப்போர்ட் ஒன்று கிடைத்ததாம். அதைத்தான் முக்கிய ஆதாரமாக வைத்திருக்கிறார்களாம். "உங்க அனுபவத்த நாலு பக்கம் எழுதிக் குடுங்க சார், முன்னுரையாப் போட்டுருவோம்" என்றார் அந்தப் பெண். இதோ எழுதியிருக்கிறேன். முன்னுரையாகப் போடுவார்களா என்று பார்க்கலாம்.

நான் முப்பத்து மூன்று வருஷம் சானிட்டரி இன்ஸ்பெக்டராக இருந்தவன். பிற்பாடு ஹெல்த் இன்ஸ்பெக்டர் என்று பெயரை மாற்றினார்கள். பெயர் மாறியதும் சாக்கடை நாற்றம் குறைந்துவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ. சென்னையில் ஒரு வருஷம் படிப்பு. கொசுவுக்கு எத்தனை கால், சாக்கடைக்கு எவ்வளவு வாட்டம், இதையெல்லாம் பரீட்சையில் எழுதிப் பாஸ் பண்ணினேன். கையில் ஒரு சைக்கிளும் நூறு அடி டேப்பும் ஒரு மரப்பெட்டியும் கொடுத்து இந்தக் கடற்கரைக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தப் படிப்பைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

ஊர் பெயரைச் சொல்ல மாட்டேன். தூத்துக்குடிக்குத் தெற்கே, மணப்பாடு போகிற வழியில் இருக்கிற ஒரு சின்னக் கடற்கரை ஊர். யுத்தகாலத்தில் அந்தப் பக்கம் வெளியார் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. யுத்தம் முடிந்த மறு கோடையில் கூட்டம் வந்தது. நாசரேத்திலிருந்து வாத்தியார் குடும்பங்கள், ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வயல்காரர்கள், பாளையங்கோட்டை வக்கீல்கள் எல்லாரும் கடல் காற்று வாங்கக் கிளம்பி வந்தார்கள். ஊர்க்காரர்கள் வீட்டை அவர்களுக்கு விட்டுவிட்டுப் பாயும் பானையுமாகக் கடலோரத்தில் ஓலைக் குடிசை போட்டுக்கொண்டு பத்து, இருபது நாள் இருப்பார்கள். அதற்கு முன்னால் அவர்களுக்கு ஒரு விதியும் தெரியாது. வந்தவர்களுக்கு நோவு நொடியும் கிடையாது. அதுதான் எங்கள் ஆபீசுக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் அதிகாரியை நாங்கள் பென்சில் அய்யா என்போம். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பென்சில், ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. காகிதம் எதுவானாலும் கேள்வி ஒன்றுதான். "ரூல் என்ன சொல்லுது?" சொல்வோம். "அப்புறம் என்ன?" என்பார். விதிப்படி இருந்தால் நீலத்தில் ஒரு கோடு, இல்லாவிட்டால் சிவப்பில் ஒரு கோடு. மூன்றாவது பென்சில் அவரிடம் இல்லை. மணலில் கால் வைக்க மாட்டார். கார் நிற்கிற இடத்தில் நாற்காலி போடச் சொல்லி, அங்கே உட்கார்ந்து, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, நான் ஒவ்வொரு வீடாக அளந்து வந்து சொல்வதைக் கேட்டுக் கோடு போடுவார். கடலையே ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்த்து நான் கண்டதில்லை.

அவர் கொண்டுவந்த விதிகள் இருபத்திரண்டு. ஏதோ மலை ஊர் விடுதிகளுக்கு எழுதியதை அப்படியே நகல் எடுத்து, ஊர் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள் என்பது படித்தவுடனே தெரிந்தது. தங்குகிறவர் ஒவ்வொருவருக்கும் கம்பளி கொடுக்க வேண்டும் என்று ஒரு விதி. சித்திரை வெயிலில், இந்தக் கடற்கரையில், கம்பளி! நான் சிரித்துக்கொண்டே சுட்டிக்காட்டினேன். "ரூல் என்ன சொல்லுது?" என்றார். ஊர்க்காரர்களிடம் போய்ச் சொன்னேன். அவர்கள் சிரிக்கவில்லை. எங்கிருந்தோ நாலு கம்பளி கொண்டுவந்து, நான் ஒரு வீட்டை அளந்து முடித்ததும் பின்வாசல் வழியாக அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றைக்குப் பதினோரு வீட்டில் அதே நாலு கம்பளியைப் பார்த்தேன். ஒன்றில் எலி கடித்த ஓட்டை இருந்தது. பதினோரு வீட்டுக்கும் கம்பளி உண்டு என்று எழுதினேன். நீலக் கோடு விழுந்தது.

மற்ற விதிகள் அவ்வளவு மோசமில்லை, கேட்டவுடன் நியாயமாகக்கூடத் தோன்றும். அறையின் நீள அகலத்தைப் பெருக்கி, ஆளுக்கு முப்பத்தாறு சதுர அடி என்று வகுத்து, எத்தனை பேர் தங்கலாம் என்ற எண்ணை வாசல் நிலையில் தாரால் எழுத வேண்டும். வந்தவர்கள் பெயர், ஊர், வந்த நாள், போன நாள், காய்ச்சல் பேதி ஏதாவது உண்டா என்று ஒரு நோட்டில் பதிய வேண்டும். வீட்டுக்காரர் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். வீட்டு வளவுக்குள்ளேயே சிமெண்டுக் கட்டும் மூடியும் உள்ள நிரந்தரக் கிணறு வேண்டும். கிணற்றுக்கும் கக்கூஸ் குழிக்கும் இடையே ஐம்பது அடி வேண்டும். லைசென்ஸ் வாங்கினால் கோடை முடிகிற வரைக்கும் செல்லும்.

கொழும்புக்குத் தோணி விடுகிற சூசை பர்னாந்து முதல் ஆளாக வந்தார். விதி கேட்டதையெல்லாம் செய்தார். புதுக் கிணறு, சிமெண்டுக் கட்டு, தகர மூடி, மேட்டில் ஓடு வேய்ந்த கக்கூஸ். நான்தான் டேப் பிடித்து அளந்தேன். ஐம்பத்தோரு அடி. ஓர் அடி மிச்சமே இருந்தது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு, குழியிலிருந்து கிணற்றுக்கு, முழுக்க மணல்தான். ஆனால் மேடு பள்ளத்தைப் பற்றியோ மணலைப் பற்றியோ விதியில் ஒரு வார்த்தை இல்லை. என் பெட்டியைத் திறந்து கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தேன். ஆறு வெள்ளைக் கிண்ணங்களில் தண்ணீர் எடுத்து, பிளீச்சிங் பவுடர் கரைத்த மருந்தை ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறுவரிசையில் சொட்டுவிட்டு, அரை மணி கழித்து இன்னொரு மருந்தைச் சேர்த்தால் நீலம் பிடிக்கும். தண்ணீரில் எவ்வளவு அழுக்கோ அவ்வளவு மருந்தை அது தின்றுவிடும். சுத்தமான தண்ணீர் முதல் கிண்ணத்திலோ இரண்டாவதிலோ நீலமாகிவிடும். புதுக் கிணறு, இன்னும் யாரும் புழங்காத கக்கூஸ். இரண்டாவது கிண்ணம் நீலமானது. லைசென்ஸ் கொடுத்தோம். சூசை பர்னாந்தை நான் குற்றம் சொல்ல மாட்டேன், கேட்டதைக் கேட்டபடி செய்த மனிதர்.

அடுத்த வளவு இன்னாசியம்மாளுடையது. புருஷன் தோணியோடு கடலில் போனவன், திரும்பவில்லை. கோடை வாடகைதான் அவளுக்கு வருஷத்துச் சோறு. வேறு வருமானம் கிடையாது. வீடு துப்புரவாக இருந்தது. கிணறு மட்டும் இல்லை. அந்த ஊரில் பர்னாந்தைத் தவிர யாருக்குமே கிணறு கிடையாது, பழைய வழக்கப்படி ஊற்றுதான். வீட்டுக்குப் பின்னால் மணல்தேரியில் தினமும் விடியும்போது புதிதாக ஓர் ஊற்று தோண்டுவாள். முழங்கை ஆழத்தில் தண்ணீர் சுரக்கும். தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு குடத்தில் வடிகட்டி எடுத்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் மணலைத் தள்ளி மூடிவிடுவாள். மறுநாள் நாலு எட்டுத் தள்ளி வேறு ஊற்று.

"ஒரு கிணறு தோண்டிக் கட்டினா லைசென்ஸ் குடுத்துருவாங்க" என்றேன்.

"நேத்துத் தண்ணிய எங்க ஊர்ல யாரும் குடிக்க மாட்டோம் அய்யா. கெடந்த தண்ணி கெட்ட தண்ணி. அந்தா மேட்டுல குழியத் தோண்டிட்டுப் பள்ளத்துல கிணறு வெட்டிருக்காகளே, அதுல போய்க் குடிக்கச் சொல்லுதீக. மணலு எல்லாத்தையும் கீழ எறக்கிரும். ஒங்க டேப்புக்கு அது தெரியாதா?"

எனக்குத் தெரியும். நான் ஸ்ரீவைகுண்டத்துக்காரன். கோடையில் தாமிரவருணி மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்து வளர்ந்தவன். மூன்று வருஷம் காக்கி போட்டதும் அது மறந்துவிடுமா? இருந்தாலும் ஒரு காரியம் செய்தேன். அவள் ஊற்றுத் தண்ணீரையும் என் கிண்ணங்களில் சோதித்தேன். முதல் கிண்ணமே நீலமாகிவிட்டது. நோட்டில் எழுதிக்கொண்டு போய் அதிகாரியிடம் காட்டினேன். அவர் நோட்டை வாங்கவில்லை. "இது கிணறா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "கிணறே இல்லாத தண்ணிக்கு ஏதுய்யா டெஸ்ட்? ரூல் என்ன சொல்லுது?" என்று சொல்லிவிட்டுச் சிவப்புப் பென்சிலை எடுத்தார். நானும் நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

வைகாசி பிறந்து ஐந்தாறு நாள் இருக்கும். நாசரேத்திலிருந்து கோயில்பிள்ளை வாத்தியாரும் அவர் மனைவி எஸ்தரும் வில்வண்டியில் வந்து இன்னாசியம்மாள் வாசலில் இறங்கினார்கள். யுத்தத்துக்கு முன்பு வருஷா வருஷம் அங்கேதான் தங்குவார்களாம். அந்த அம்மாளுக்கு நெஞ்சுச் சளி, கடல் காற்று நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் அன்றைக்கு அந்தத் தெருவில்தான் இருந்தேன். லைசென்ஸ் இல்லாத வீட்டில் தங்கக் கூடாது, பர்னாந்து வீட்டில் இடம் இருக்கிறது என்று சொன்னேன். வாத்தியார் படித்த மனிதர், விதி என்றதும் மறுபேச்சுப் பேசவில்லை. இன்னாசியம்மாள் உள்ளே போய் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். வெயிலில் வந்த அந்த அம்மாள் செம்பை வாங்கி வாய்க்குக் கொண்டுபோனார்.

நான் கையை நீட்டிச் செம்பை வாங்கினேன். லைசென்ஸ் இல்லாத தண்ணீர் என்று சொல்லி மணலில் ஊற்றினேன். ஒரு வாய்கூட அவர் குடிக்கவில்லை. மணல் உறிஞ்சிக்கொண்டது. நாங்கள் நாலு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். என் வேலையைச் சரியாகச் செய்த திருப்தி அப்போது எனக்கு இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாமான்களைப் பர்னாந்து வீட்டுக்கு மாற்ற நானே ஒரு கை பிடித்தேன். அங்கே போய்த்தான் அந்த அம்மாள் தண்ணீர் குடித்தார், தகர மூடி போட்ட கிணற்றிலிருந்து.

அவர்கள் இரண்டு பேரையும் சேர்த்து அந்த வீட்டில் அப்போது பதினெட்டுப் பேர். நிலையில் எழுதிய எண்ணும் பதினெட்டுதான். எல்லாம் விதிப்படி. மற்றவர்கள் பதினைந்து நாளாகவே மேட்டில் இருந்த கக்கூசைப் புழங்கிக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் வந்த நாலாம் நாள் காலையில் எனக்கு ஆள் வந்தது. வாந்திபேதி. அந்த வீட்டில் நாலு பேருக்கு. நான் போனபோது எஸ்தர் அம்மாளுக்குக் கண் உள்ளே போய்விட்டது, விரல் நுனியெல்லாம் தண்ணீரில் ஊறினதுபோலச் சுருங்கியிருந்தது. வாத்தியார் அவர் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி வண்டி வருவதற்குள் மத்தியானம் உயிர் போய்விட்டது. மற்ற மூன்று பேரும் பிழைத்தார்கள். அந்தத் தெருவில் ஊற்றுத் தண்ணீர் குடித்த ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அன்று சாயங்காலமே கிணற்றுத் தண்ணீரை எடுத்து என் ஆறு கிண்ணங்களில் ஊற்றினேன். அரை மணி காத்திருந்தேன். ஒரு கிண்ணத்திலும் நீலம் இல்லை. ஆறாவது கிண்ணத்து மருந்தையும் தின்றுவிட்டு வெள்ளையாகவே இருந்தது. நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்த நோட்டை அப்புறம் யாருக்கும் காட்டவில்லை.

மூன்றாம் நாள் விசாரணை. அதிகாரியின் நாற்காலி வழக்கம்போலக் கார் பக்கத்தில் போடப்பட்டது. வாத்தியாரைக் கூப்பிடவில்லை. துக்கத்தில் இருப்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாதாம். அவ்வளவு இரக்கம் எங்கள் அதிகாரிக்கு அதற்கு முன்னும் பின்னும் வந்து நான் பார்த்ததில்லை. விசாரணை தொடங்குமுன் என்னைக் காருக்கு அந்தப் பக்கம் கூப்பிட்டார். குரலை உயர்த்தவே இல்லை. "கிணறு தப்புன்னா லைசென்ஸ் தப்பு. லைசென்ஸ் தப்புன்னா அளந்தது தப்பு. அளந்தது யாரு?" என்றார். என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை, அந்தக் காகிதம் அவர் மேஜையில்தான் இருந்தது. அதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

இன்னாசியம்மாளை எதிரே நிறுத்திக் கேட்டார். "அவங்க மொதல்ல உன் வீட்டுலதானே வந்து எறங்குனாங்க?"

"ஆமா."

"தண்ணி குடுத்தியா?"

"குடுத்தேன். குடிக்கல. இந்தா நிக்காகளே இன்ஸ்பெட்டர் அய்யா, இவுகதான் செம்ப வாங்கி மண்ணுல ஊத்துனாக. இவுகளையே கேளுங்க."

அதிகாரி என்னைக் கேட்கவில்லை. "எழுது" என்றார். அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எஸ்தர் அம்மாள் வந்திறங்கியதும் மேற்படி வீட்டு ஊற்றுத் தண்ணீரைக் குடித்தார், நான் கண்ணால் கண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குடித்தது ஒருவர் என்றால் மற்ற மூன்று பேருக்கு எப்படி வந்தது? அதற்கும் அவரே வழி சொன்னார். அந்த அம்மாளிடமிருந்து அவர்களுக்குத் தொற்றியது என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டேன். அவர் படித்துப் பார்த்து நீலக் கோடு போட்டார். இத்தனை வருஷ உத்தியோகத்தில் நான் எழுதியவற்றிலேயே எழுத்துப்பிழை இல்லாத ரிப்போர்ட் அதுதான்.

உத்தரவு ஒரு வாரத்தில் வந்தது. அந்த ஊரில் மணல் ஊற்று எதுவும் தோண்டக் கூடாது. இன்னாசியம்மாள் வீட்டில் வெளியார் தங்கக் கூடாது. தடை செய்த வீட்டுக்கு அடையாளமாகக் கதவில் தாரால் பெருக்கல் குறி போட வேண்டும். அதையும் நான்தான் போட்டேன். தார் வழியாமல் பார்த்துப் பார்த்துப் போட்டேன். அவள் பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள்.

"குருசு கொஞ்சம் சாஞ்சிருக்கே அய்யா" என்றாள். "பரவாயில்ல, கும்பிட்டுக்கிடுதேன்."

அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமானது. அதிகாரிக்கும் மேலே ஒரு பதவி கிடைத்தது. கடற்கரையில் ஒரு தொற்றுநோயை நாலு பேரோடு நிறுத்திக் காட்டியதற்காகவாம். போகிறபோது என் முதுகில் தட்டிக்கொடுத்தார். பர்னாந்து தன் கிணற்றைத் தானே மண் போட்டு மூடினார். யாரும் சொல்லவில்லை, விதியும் சொல்லவில்லை. இன்னாசியம்மாள் மறு கோடைக்கு ஊரில் இல்லை.

இரண்டு வருஷம் கழித்துத் தூத்துக்குடி உப்பளங்களில் குடிதண்ணீர் சோதிக்கிற வேலை எனக்கு வந்தது. வேலையாட்களுக்குத் தகர டின்களில் தண்ணீர் வைத்திருப்பார்கள், அதை எடுத்து என் கிண்ணங்களில் ஊற்றிப் பார்ப்பேன். ஒருநாள் ஓரத்தில் குனிந்து கிண்ணம் அடுக்கிக்கொண்டிருந்தேன். தலையில் உப்புப் பெட்டியோடு ஒருத்தி நின்றாள். காலெல்லாம் உப்பு அரித்து வெடித்திருந்தது. பெட்டியை இறக்கி வைத்துவிட்டு டின்னிலிருந்து ஒரு தம்ளர் மொண்டாள். இன்னாசியம்மாள்.

"குடிக்கலாமா அய்யா? இல்ல, ஊத்திருவீகளா?"

அவள் குடித்தாள், தம்ளரைக் கவிழ்த்து வைத்தாள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். அதற்கப்புறம் அவளை நான் பார்க்கவில்லை. முப்பத்து மூன்று வருஷத்தில் எத்தனையோ மேலதிகாரிகள் என்னைத் திட்டியிருக்கிறார்கள், ஒன்றும் நினைவில் இல்லை. இது மட்டும் நிற்கிறது.

இப்போது மறுபடியும் ஜீப்புக்கு வருகிறேன். புது விதிகளின் நகலை அந்தப் பெண் அதிகாரி என் கையில் கொடுத்தார். நல்ல தாள், நல்ல அச்சு. கம்பளி இல்லை, அந்த மட்டில் முன்னேற்றம்தான். பதினேழாவது விதியில் நிரந்தரக் கிணறோ குழாயோ இல்லாத வீட்டுக்கு அனுமதி கிடையாது, மணல் ஊற்று அறவே கூடாது என்று இருந்தது. கிணற்றுக்கும் கழிவுக் குழிக்கும் எவ்வளவு தூரம் என்றும் இருந்தது. எந்தப் பக்கம் மேடு, எந்தப் பக்கம் பள்ளம் என்று இப்போதும் இல்லை. அடிக்குறிப்பில் என் பெயர். ஊற்றுத் தண்ணீரால் காலரா பரவியதை நேரில் கண்ட அலுவலரின் ரிப்போர்ட்டைக் காண்க என்று போட்டிருந்தார்கள். ரிப்போர்ட்டின் நகலையும் பின்னால் இணைத்திருந்தார்கள். என் கையெழுத்துத்தான். எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறேன்.

அந்த ஊரில் யாராவது ஊற்றுத் தோண்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். ஊருக்கே போகவில்லை, சர்வே வரைபடம் இருக்கிறது என்றார் இளைஞர். சரிதான், நாற்காலி இப்போது ஆபீசிலேயே இருக்கிறது, காருக்குப் பக்கத்தில் போட வேண்டிய சிரமம்கூட இல்லை.

அவரிடம் சிவப்புப் பேனா இருக்கிறதா என்று கேட்டு வாங்கினேன். என் ரிப்போர்ட் நகலில், கண்ணால் கண்டேன் என்ற வரியின் மேல் ஒரு கோடு போட்டேன்.

"சார், அது ரெக்கார்டு" என்று பதறினார்.

"நகல்தானே. அசல் ஒங்ககிட்ட பத்திரமா இருக்கும். அதுக்கு ஒண்ணும் ஆகாது" என்றேன்.

பெண் அதிகாரி நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். முன்னுரை எப்போது கிடைக்கும் என்று மட்டும் கேட்டார். முன்னுரை இதுதான் அம்மா. இதை அசலோடு சேர்த்துத் தைத்துவிடுங்கள். எஸ்தர் அம்மாள் இன்னாசியம்மாள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. குடிக்க நான் விட்டிருந்தால் பிழைத்திருப்பார்.